32-க்கு அடுத்து 34: ஏற்காட்டில் ஒரு கீர்த்தனையின் தாளக்குறியை மாற்றிய கதை

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஒரு பழைய கீபோர்டும் இருக்கின்றன. கையெழுத்திலோ கைபேசிப் பதிவிலோ இருக்கும் பாட்டுகளை ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டில் சுரம் எழுதும் மேற்கத்திய முறையில், கணினியில் ஏற்றி, அச்சடிக்கிற மாதிரி செய்து கொடுப்பது என் உபதொழில். கொயர்காரர்கள், மேற்கத்திய இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகள், கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெரிய வருமானம் இல்லை, ஆனால் இதில் வரும் சிக்கல்கள் சில நாட்கள் தூங்கவிடாது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தின் கொயர் (பாடகர் குழு), கிறிஸ்துமஸ் பாடல் மாலைக்காக ஒரு பழைய தமிழ்க் கீர்த்தனையை எடுத்திருந்தது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து, அதாவது 1774-க்கும் 1864-க்கும் நடுவே வாழ்ந்த அந்தத் தலைமுறையிலிருந்து, தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுகளில் ராகம், தாளம் போட்டுப் பாடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பாட்டுப் புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். இந்தப் பாட்டுக்கு ரூபக தாளம் என்று போட்டிருந்தது. கொயரில் கீபோர்டு வாசிக்கும் தம்பி அதை மியூஸ்கோர் என்னும் நொட்டேஷன் மென்பொருளில் ஏற்றி, பியானோ இடது கையும் சேர்த்து, பிரதி எடுத்துக் கொடுத்திருந்தான். பயிற்சி தொடங்கி இரண்டு வாரமாகியும் பாட்டு நிற்கவில்லை.

கொயரை நடத்துபவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும். போனில் அவர் சொன்னது: "கண்ணு, பாடும்போது சில இடத்துல சரியா வருது, சில இடத்துல வழுக்குது. யார் தப்புன்னே தெரியல. நீ ஒரு தடவை பாரு."

முதலில் இந்த "சில இடத்துல சரியா வருது" என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும்.

தாளில் ஒன்று, உள்ளே ஒன்று

கோப்பைத் திறந்தேன். தொடக்கத்தில் தாளக்குறி 3/4 என்று அழகாக இருந்தது, அதாவது கோட்டுக்குக் கோடு உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் (பாரிலும்) மூன்று எண்ணிக்கை. ரூபகத்தைக் கச்சேரி வழக்கில் இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று மூன்றாக எண்ணுவார்கள், ஆகவே 3/4 பொருத்தம்தான். ஆனால் முதல் பாரில் நான்கு க்ராட்செட் (ஒரு எண்ணிக்கை நோட்டு) இருந்தது. இரண்டாம் பாரிலும் நான்கு. ஒரு பாரின் கடைசி நோட்டைத் தொட்டால் திரையின் அடியில் பார் எண்ணும் எண்ணிக்கை எண்ணும் தெரியும். நான்காவது எண்ணிக்கை என்று காட்டியது. 3/4 பாரில் நான்காவது எண்ணிக்கைக்கு இடமே கிடையாது.

தம்பியைக் கேட்டேன். புதுக் கோப்பு தொடங்கும்போது அது தானாக 4/4 என்று கொடுத்ததாம், அவனும் அப்படியே ஏற்றிவிட்டானாம். பிறகு டீச்சர் "இது ரூபகமாச்சே" என்று சொன்னதும், தாளக்குறியின் பண்புகளைத் திறந்து அங்கே இருந்த எழுத்துப் பெட்டியில் 3, 4 என்று தட்டியிருக்கிறான். அந்தப் பெட்டி தோற்றத்துக்கு மட்டும் உரியது. தாளக்குறியின் மதிப்பு ஒரு பக்கம், தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்பது மறு பக்கம். 2+2+3 என்று கூட்டல் குறியோடு 7/8 தாளக்குறி காட்ட வேண்டியவர்களுக்கு இந்த வசதி தேவை. இங்கே அது கடையின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றி, உள்ளே அதே சரக்கை விற்பது போல ஆகிவிட்டது. பாடுகிறவர்கள் 3/4 என்று பார்த்து நான்கு எண்ணியிருக்கிறார்கள். பாவம்.

சரி, இது எளிய வேலை என்று நினைத்தேன். தாளக்குறித் தட்டிலிருந்து உண்மையான 3/4-ஐ எடுத்து முதல் பாரின் மேல் போட்டால், அங்கிருந்து அடுத்த தாளக்குறி வரை, அல்லது பாட்டின் முடிவு வரை, எல்லா பார்களையும் மென்பொருளே திருப்பி எழுதிவிடும். நோட்டுகளின் நீளம் மாறாது. பார் கோடு மட்டும் புது இடத்தில் விழும். கோட்டைத் தாண்டும் நோட்டு இரண்டாக உடைந்து, டை என்னும் வளைவால் கட்டப்படும். அவ்வளவுதான். பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்று டீச்சரிடம் கிண்டலாகச் சொன்னேன். டிசம்பர் முதல் வாரம் அது.

மறுப்பு

போட்டேன். மென்பொருள் மறுத்துவிட்டது. ஒரு ட்ரிப்லெட் (மூன்று நோட்டுக் கட்டு) பார் கோட்டைத் தாண்டும், ஆகவே திருப்பி எழுத முடியாது என்ற பொருளில் ஒரு பெட்டி வந்தது. ஒற்றை நோட்டை உடைத்து டை போடலாம், ஆனால் இரண்டு எண்ணிக்கைக்குள் மூன்று நோட்டு அடைத்த ட்ரிப்லெட்டை நடுவில் வெட்டினால் ஒரு பக்கத்துக்கும் சரியான நீளம் கிடைக்காது. அதனால் அது ஒட்டுமொத்தமாகக் கையை விரித்துவிடும். பாதி மாற்றிப் பாதி விடுவதில்லை, அந்த மட்டில் நல்ல குணம்.

தேடியதில் 22-ஆம் பாரின் மூன்றாவது, நான்காவது எண்ணிக்கையில் ஒரு ட்ரிப்லெட் இருந்தது. டீச்சர் அந்த இடத்தில் ஒரு சங்கதி (வரியை அலங்கரித்துப் பாடும் மாற்றம்) போடுவார், தம்பி அதைக் காதால் கேட்டு அப்படி எழுதியிருக்கிறான். சரியாகத்தான் எழுதியிருந்தான்.

இங்கே நான் செய்த தவறு: மறுப்பை ஒரு தடையாகப் பார்த்தேன். கோப்பின் நகல் ஒன்றில் அந்த ட்ரிப்லெட்டை எடுத்துவிட்டு, அங்கே ஒரு மினிமை (இரண்டு எண்ணிக்கை நோட்டு) வைத்து, மறுபடி 3/4-ஐப் போட்டேன். இம்முறை வாங்கிக்கொண்டது. 48 பார் 64 ஆனது. கணக்கு சரி: 48 × 4 = 192, 64 × 3 = 192.

பார்த்தால் முதல் பாதி முழுக்க வளைவு. நீளமான நோட்டு ஒவ்வொன்றும் பாரின் இரண்டாவது எண்ணிக்கையில் தொடங்கி, கோட்டைத் தாண்டி அடுத்த பாருக்குள் எட்டிப் பார்த்தது. பல்லவியின் அழுத்தமான அசைகள் எல்லாம் இரண்டாவது எண்ணிக்கையில். ஆனால் 43-ஆம் பாரிலிருந்து, அதாவது சரணத்திலிருந்து, எல்லாமே பளிச்சென்று இருந்தது. அழுத்தம் முதல் எண்ணிக்கையில், டை ஒன்றிரண்டு மட்டும்.

பாதிப் பாட்டு சரி, பாதிப் பாட்டு தப்பு. இது தாளக்குறியின் குற்றமாக இருக்க முடியாது.

எடுப்பு

அன்று இரவு கணினியை மூடிவிட்டு, டீச்சர் அனுப்பிய கைபேசிப் பதிவைப் போட்டு, தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தட்டு, தட்டு, வீச்சு. பல்லவியின் முதல் அசை தட்டில் விழவில்லை, வீச்சில் விழுந்தது. அடுத்த அசைதான் சமத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனத்தின் முதல் தட்டில். நம்மவர்கள் எடுப்பு என்று சொல்வது இதைத்தான்: தாளம் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு அதில் எங்கே ஏறுகிறது என்பது. மேற்கத்திய முறையில் இதற்குப் பிக்கப் பார் என்று பெயர், முழு பாருக்கு முன்னால் ஒரு குட்டி பார்.

தம்பிக்கு இது தெரியவில்லை. பாட்டு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் ஒன்று என்று எண்ணி, முதல் அசையை முதல் பாரின் முதல் எண்ணிக்கையில் வைத்துவிட்டான். காதால் கேட்டு ஏற்றும் பெரும்பாலோர் செய்வது இதுதான், நானும் பழகுகிற காலத்தில் செய்திருக்கிறேன். கர்நாடக இசையை ஐரோப்பியக் கோட்டு முறையில் எழுதும் முயற்சி ஒன்றும் புதிதல்ல. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-லேயே அப்படி அச்சிட்டு வெளியிட்டார். சுரத்தைக் கோட்டில் உட்கார வைப்பது ஒரு வேலை, தாளத்துக்குள் பாட்டு ஏறும் இடத்தைச் சரியாகப் பிடிப்பது வேறு வேலை.

இப்போது அந்த ட்ரிப்லெட்டுக்குத் திரும்பினேன். பாட்டின் எண்ணிக்கைகளை 1, 2, 3 என்று தொடர்ந்து எண்ணினால், பழைய 22-ஆம் பாரின் மூன்றாவது, நான்காவது எண்ணிக்கைகள் 87, 88. முதல் அசையிலிருந்தே மூன்று மூன்றாகப் பிரித்தால் 87 ஒரு பாரின் கடைசி, 88 அடுத்த பாரின் தொடக்கம், நடுவில் கோடு. முதல் அசையைப் பிக்கப்பாக ஒதுக்கிவிட்டு இரண்டாவது எண்ணிக்கையிலிருந்து பிரித்தால் 86, 87, 88 மூன்றும் ஒரே பாருக்குள். ட்ரிப்லெட் கோட்டைத் தாண்டவே தாண்டாது.

டீச்சர் தாளத்தோடு பாடுகிறவர். சங்கதியை ஆவர்த்தனத்தின் விளிம்பில் தொங்கவிடமாட்டார். ஆக, அந்த மறுப்புப் பெட்டி எனக்குச் சொன்னது "நீ தப்பான இடத்திலிருந்து எண்ணுகிறாய்" என்பதுதான். நான் என்ன செய்தேன்? சாட்சியையே அழித்துவிட்டு மேலே போனேன். நல்லவேளை, நகலில் செய்திருந்தேன்.

பிக்கப் பாரை உருவாக்குவதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார் பண்புகளில் பெயரளவு நீளம், உண்மை நீளம் என்று இரண்டு இருக்கும். உண்மை நீளத்தை 1/4 ஆக்கினால் அந்த பார் குட்டியாகிவிடும். காலியான கோப்பில் இது நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே நோட்டு இருக்கும் பாரில் செய்தால், மீதி நோட்டுகள் அடுத்த பாருக்குத் தள்ளப்படும் என்று நாம் எதிர்பார்ப்போம். தள்ளப்படாது, பாரின் வால் பகுதி வெட்டுப்படும். மூன்று நோட்டு அப்படிப் போய், கண்ட்ரோல்-இசட் அடித்துத் திரும்ப வாங்கினேன்.

நான் கடைசியில் கைக்கொண்ட வழி, எல்லாவற்றிலும் பாதுகாப்பானது: புதுக் கோப்பு ஒன்று தொடங்கி, அதே குரல்கள், அதே பியானோ, 3/4, பிக்கப் பார் ஒரு க்ராட்செட் என்று தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். பிறகு மூலக் கோப்பில் முதல் நோட்டைத் தொட்டு, ஷிஃப்ட்டோடு கடைசிப் பாரைத் தொட்டு எல்லா வரிகளையும் தேர்ந்து, நகலெடுத்து, புதுக் கோப்பின் பிக்கப் பாரில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போதே நோட்டுகள் புதுக் கோடுகளுக்கு ஏற்றபடி பிரிந்துகொள்ளும். பாட்டு வரிகளும் நோட்டோடு ஒட்டிக்கொண்டே வரும், தமிழ் அசைகள் ஒன்றுகூட நழுவவில்லை. தலைப்பும் பக்க அமைப்பும் மட்டும் வராது, மறுபடி போட வேண்டும்.

ட்ரிப்லெட்டோடு கூடிய மூலத்தை ஒட்டினேன். மென்பொருள் ஒரு வார்த்தை பேசவில்லை. ட்ரிப்லெட் புதுக் கோப்பின் 29-ஆம் பாரில் இரண்டாவது, மூன்றாவது எண்ணிக்கையில் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. பல்லவி, அனுபல்லவி இரண்டும் கண்ணாடி போலத் தெளிவு.

சரணம் குப்பையாகிக் கிடந்தது.

மலை மேல்

இப்போது நிலைமை தலைகீழ். பிக்கப் இல்லாமல் போட்டால் சரணம் சரி, முதல் பாதி தப்பு. பிக்கப்போடு போட்டால் முதல் பாதி சரி, சரணம் தப்பு. சரணத்தில் இம்முறை டை இன்னும் அதிகம், அழுத்தமான அசைகள் மூன்றாவது எண்ணிக்கையில் போய் விழுந்தன. சரணத்திலும் ஒரு ட்ரிப்லெட் உண்டு, பழைய கோப்பின் 39-ஆம் பாரில். அது எந்த முயற்சியிலும் கோட்டைத் தாண்டவில்லை, எந்தப் பெட்டியும் வரவில்லை. மென்பொருள் சும்மா இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. அதற்கு இசை தெரியாது, கூட்டல் மட்டும் தெரியும்.

இரண்டு பாதிக்கும் நடுவே ஏதோ இருக்கிறது என்பது வரை வந்துவிட்டேன். அது தப்பா, பாட்டிலேயே உள்ளதா என்று பாடுகிறவர்களைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பயிற்சி என்றார்கள். அடிவாரத்தில் தேநீர் குடித்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். மேலே நல்ல பனி. காப்பிப் பழம் பறிக்கும் காலம் என்பதால், எஸ்டேட்டில் வேலை செய்கிற, தாழ்ந்த குரலில் (ஆல்ட்டோ) பாடும் பெண்கள் இருவரும் தபலா அண்ணனும் தாமதமாகத்தான் வந்தார்கள். ஈரத்தில் தோல் இறங்கிவிட்டது என்று அண்ணன் வந்ததும் சுத்தியலை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் அந்தப் பென்சில் குறிகள் கண்ணில் பட்டன. சில பார்களின் தலையில் சின்னச் சின்ன டிக்.

"அண்ணே, இது என்ன?"

"பியானோவும் நானும் ஒண்ணா விழுற இடம் தம்பி. மத்த இடத்துல எல்லாம் தனித்தனியாத்தான் போறோம். அந்த இடத்தையாவது தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு போட்டேன்."

குறிகள் இருந்த பார்கள்: 2, 5, 8, 11 என்று தொடங்கி 29, 32 வரை. மூன்று பாருக்கு ஒன்று. காரணம் லேசானது. தபலா மூன்றாகப் போகிறது, பியானோவின் இடது கை நான்காகப் போகிறது, 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டின் அழுத்தமும் ஒன்றாக விழும். 12 எண்ணிக்கை என்பது 4/4-ல் மூன்று பார். டீச்சர் சொன்ன "சில இடத்துல சரியா வருது" இதுதான். யாருடைய பிழையுமில்லை, கணக்கு அப்படி.

ஆனால் 32-க்கு அடுத்த டிக் 35-ல் இருக்க வேண்டும். இருந்தது 34-ல். அதன் பிறகு 37, 40, 43 என்று மறுபடி மூன்று மூன்றாக.

"32-க்கும் 34-க்கும் நடுவுல என்ன ஆச்சு?"

"அதுவா, சரணம் தொடங்கும்போது ஒரு இடைவெளி வருதில்ல. நான் கையைத் தூக்கிட்டு, அவங்க ஆரம்பிச்சதும் பிடிச்சுக்குவேன்."

தாளில் 32-ஆம் பாரின் கடைசி இரண்டு எண்ணிக்கைகளில் ஒரு மினிம் ரெஸ்ட், அதாவது பாடாமல் நிற்கச் சொல்லும் குறி, இருந்தது. டீச்சரிடம் போனேன். தாள் எதுவும் இல்லாமல், கையால் தாளம் போட்டு, அனுபல்லவியின் கடைசி வரியிலிருந்து சரணத்துக்குப் போகச் சொன்னேன். நிறுத்தவே இல்லை. கடைசி அசை இரண்டு எண்ணிக்கை நீண்டது, வீச்சில் சரணம் ஏறிவிட்டது. பல்லவிக்கு உள்ள அதே எடுப்பு.

"டீச்சர், நடுவில மூச்சு விட வேண்டாமா?"

"ஏன் கண்ணு, அனுபல்லவி முடியறப்பவே விட்டாச்சே. தாளில ரெஸ்ட் போட்டிருக்குன்னு இவங்க நிக்கிறாங்க, நானும் நின்னேன்."

நாற்பது வருடமாக இந்தப் பாட்டைப் பாடுகிறவர், அச்சடித்த தாளைப் பார்த்துத் தன் பாட்டை மாற்றிக்கொண்டார். எனக்கு இந்த மொத்த விவகாரத்தில் மறக்க முடியாத இடம் இதுதான். தாள் என்றால் நமக்கு அப்படி ஒரு பயம்.

தம்பி தலையைச் சொறிந்தான். பழைய கோப்பில் 32-ஆம் பாரின் இரண்டாவது எண்ணிக்கையோடு அனுபல்லவி முடிந்துவிட்டது. சரணம் புது வரி, புது பாரில் தொடங்கினால் அழகாக இருக்கும் என்று மீதி இரண்டு எண்ணிக்கைக்கு ரெஸ்ட் வைத்திருக்கிறான். பாட்டின் இறுதியில் 48-ஆம் பாரை நிரப்பவும் ஒரு க்ராட்செட் ரெஸ்ட். மூன்று எண்ணிக்கை, எல்லாம் பார் கோட்டின் தயவுக்காக. முதல் அசையைத் தவறாக முதல் எண்ணிக்கையில் வைத்திருந்தான், நடுவில் வந்த இந்த இரண்டு எண்ணிக்கை ரெஸ்ட் தற்செயலாக அந்தத் தவறைச் சரணத்துக்கு மட்டும் ஈடுகட்டிவிட்டது. ஒன்றிலிருந்து இரண்டு நகர்ந்தால் மூன்றாவது எண்ணிக்கையில் தானே வந்து நிற்கும். அதனால்தான் பிக்கப் இல்லாத முயற்சியில் சரணம் மட்டும் உத்தமமாகத் தெரிந்தது.

இரண்டு எண்ணிக்கையை எடுப்பது

வீட்டுக்கு வந்து அந்த ரெஸ்ட்டை நீக்கினேன். இதிலும் ஒரு தடுமாற்றம். ரெஸ்ட்டைத் தேர்ந்து வெறும் டிலீட் அடித்தால் ஒன்றும் நடக்காது, ரெஸ்ட் ரெஸ்ட்டாகவே இருக்கும். கண்ட்ரோலோடு டிலீட் அடித்தால் அந்த நேரமே பாட்டிலிருந்து நீங்கும், ஆனால் பின்னால் வருவது முன்னால் நகர்ந்து நிரப்பாது. அந்த பார்களே குட்டையாகிவிடும், மூலையில் ஒரு சின்னக் கழித்தல் குறி வந்து நிற்கும். எனக்கு வேண்டியது பின்னால் உள்ள எல்லாம் இரண்டு எண்ணிக்கை முன்னால் வருவது. அதற்கு, சரணத்தின் முதல் நோட்டிலிருந்து கடைசி வரை தேர்ந்து கண்ட்ரோல்-எக்ஸ் அடித்து வெட்டி, புதுக் கோப்பின் 42-ஆம் பாரின் மூன்றாவது எண்ணிக்கையில் ஒட்டினேன். சரணம் முழுவதும் ஒரே அசைவில் இடத்துக்கு வந்தது. ட்ரிப்லெட்டும் பாரின் இரண்டாவது, மூன்றாவது எண்ணிக்கையில், பல்லவியில் இருந்த அதே இடத்தில்.

மொத்தம் 189 எண்ணிக்கை: பிக்கப் ஒன்று, முழு பார் 62, கடைசி பாரில் இரண்டு. கடைசி பாரின் இரண்டும் பிக்கப்பின் ஒன்றும் சேர்ந்தால் மூன்று, பல்லவிக்குத் திரும்பும்போது தாளம் உடையாது. கடைசி பாரின் உண்மை நீளத்தை 2/4 ஆக்கினேன். அங்கே மூன்றாவது எண்ணிக்கையில் ரெஸ்ட் மட்டும் இருந்ததால் வெட்டுப்பட எதுவுமில்லை.

எண்ணில் சரி என்பது போதாது. மெட்ரோனோம் ஒலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு பாரின் முதல் அடி வேறு ஒலியில் வரும். அந்த ஒலியும் பாட்டின் அழுத்தமான அசையும் தொடக்கம் முதல் முடிவு வரை பிரியாமல் சென்றன. கண்ணை மூடுவது முக்கியம். திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் கண் சொல்வதைத்தான் காது கேட்கும்.

இடது கை

மேல் வரி இப்படிச் சரியானது. பியானோவின் இடது கை சரியாகவில்லை, ஆகவும் முடியாது. தம்பி ஒவ்வொரு 4/4 பாருக்கும் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு) என்று நான்கு எண்ணிக்கை நீள செமிப்ரீவ் வைத்திருந்தான். மூன்றின் கட்டத்துக்குள் அவை எல்லாம் உடைந்து, டையோடு டையாகத் தொங்கின. கார்ட் மாறும் இடங்களும் சொல்லின் அழுத்தத்தோடு சேரவில்லை.

மேல் வரியில் நோட்டுகளின் நீளம் முழுக்க உண்மையானது, கோடுதான் தவறான இடத்தில் நின்றது. அது தாளக்குறி மாற்றத்தால் தீரும் நோய். இடது கையோ தவறான கோட்டைப் பார்த்தே எழுதப்பட்டது. அதன் நீளங்களே பொய். அங்கே தாளக்குறியை எத்தனை தடவை போட்டாலும், பொய்யான நீளங்கள் புதுக் கோட்டுக்கு ஏற்பத் துண்டாவது மட்டுமே நடக்கும். தட்டி ஒட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, மொத்தமாக அழித்தேன். தம்பியை வரச் சொல்லி, இரண்டு தட்டு ஒரு வீச்சைத் தொடையில் போட்டுக்கொண்டே, எங்கே கார்ட் மாற வேண்டும் என்று அவனையே சொல்லச் சொன்னேன். அழகாகச் சொன்னான். முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தோம்.

நீளங்களே ஒரே விகிதத்தில் தப்பாக இருக்கும் இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. எல்லா நோட்டும் இரண்டு மடங்கு நீளமாக ஏற்றப்பட்டிருந்தால், பாதி நீளத்தில் ஒட்டு என்ற கட்டளை அதைத் தீர்க்கும். இரட்டிப்பாக்கவும் கட்டளை உண்டு. இங்கே அதற்கு வேலை இல்லை.

வேலை முடியும் நேரத்தில் தம்பி ஒன்று கேட்டான்: 6/8 போட்டால் என்ன, ஆறு க்வேவர் (அரை எண்ணிக்கை நோட்டு) தானே? பாரின் நீளம் ஒன்றேதான், ஆகவே மாற்றினால் ஒரு நோட்டுகூட நகராது, க்வேவர்கள் கோர்க்கப்படும் விதம் மட்டும் மாறும். ஆனால் 6/8 என்றால் மூன்று மூன்றாக இரண்டு அடி, 3/4 என்றால் இரண்டிரண்டாக மூன்று அடி. தபலா அண்ணனிடம் 6/8 தாளைக் கொடுத்தால் வேறு ஒரு ஆட்டம் போட்டுவிடுவார். பார்க்கும்போது நோட்டு நகரவில்லை என்பதால் இந்தத் தப்பு இன்னும் ஒளிந்துகொள்ளும்.

வேறு மென்பொருளில் இது எப்படி என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. சிபேலியஸில் தாளக்குறி போடும்போதே, அடுத்த தாளக்குறி வரை பார்களைத் திருப்பி எழுதவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். லில்லிபாண்டில் தாளக்குறியை எழுத்தில் மாற்றினால் கோடு புது இடத்தில் வரும், ஆனால் கோட்டைத் தாண்டும் நோட்டை அதுவாக உடைக்காது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். பிக்கப்புக்குப் பார்ஷியல் என்ற கட்டளை. எதுவானாலும், பாட்டு எங்கே ஏறுகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

புதுத் தாள்

ஒரு நடைமுறைத் தொல்லை பாக்கி இருந்தது. கொயர்காரர்கள் எல்லோரும் பழைய தாளில் பார் எண்ணை வைத்து மூச்சுக் குறி, சத்தக் குறி எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். 48 பார் 63 ஆகிவிட்டது, அதிலும் பிக்கப் பார் கணக்கில் சேராது. "22-லிருந்து எடுங்க" என்றால் யாரும் எங்கும் போவார்கள். பல்லவிக்கு அ, அனுபல்லவிக்கு ஆ, சரணத்துக்கு இ என்று பெட்டிக்குள் எழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழைய தாள்களை எல்லாம் டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டார், தபலா அண்ணனுடையதைத் தவிர. அதை நான் கேட்டு வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். முதல் தடவை சரணத்துக்கு வந்ததும் பாதிப் பேர் பழக்கத்தில் நின்றார்கள், தபலா நிற்கவில்லை. இரண்டாம் தடவை யாரும் நிற்கவில்லை. டீச்சர் தாளைப் பார்க்கவே இல்லை. அண்ணன் புதுத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.